போப் வாத்தியாரும் பிஷப் காட்டன் பள்ளியும்: ஒரு ஹாஸ்டல் பந்தியின் வரலாறு

1/


ஜி.யு.போப் யாருன்னு கேட்டா நாம எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வோம். திருக்குறளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவர், மெரினாவுல சிலையா நிற்கிறவர். சரிதான்.

ஆனா அந்த மனுஷர் இந்தியாவில் இருந்த காலத்துல பெரும்பகுதி செஞ்ச வேலை என்ன தெரியுமா?

பள்ளிக்கூட வாத்தியார் வேலை. அதுவும் பையன்கள் தங்கிப் படிக்கிற பள்ளிகள்ல. சாயர்புரம், ஊட்டி, கடைசியா பெங்களூர் பிஷப் காட்டன் ஆண்கள் பள்ளி.

இந்த த்ரெட் அந்தப் பெங்களூர் பள்ளியைப் பற்றியது. கொஞ்சம் நீளம். டீ ஒண்ணு போட்டுட்டு உட்காருங்க.

2/
"டாக்டருக்கு ஸ்கூல் கதை எதுக்கு?"ன்னு வழக்கம்போல ரெண்டு பேர் கேட்பீங்க.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில உட்கார்ந்தா வாரத்துக்கு நாலு ஹாஸ்டல் பசங்களாவது வருவாங்க. சிரங்கு, காய்ச்சல், அம்மை, பொன்னுக்கு வீங்கி, காரணம் பிடிபடாத வயித்துவலி. எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தா பருத்தி, மல்லி, மிளகாய். பெய்யலைன்னா சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம். குமாரலிங்கபுரம் மாதிரி ஊர்கள்ல முதல் தலைமுறையா காலேஜ் வரைக்கும் போனவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பாதிப்பேர் கதையில ஒரு ஹாஸ்டல் இருக்கும்.

அதனால ஹாஸ்டல்ங்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது, அதுக்குள்ள யாரைச் சேர்த்தாங்க, யாரைச் சேர்க்கலை, உள்ளே வந்தவங்க ஒரே பந்தியில உட்கார்ந்தாங்களா? இதைத்தான் பார்க்கப் போறோம்.

3/
முதல்ல ஒரு வார்த்தைக்கு விளக்கம். ஆங்கிலிக்கன்.

இங்கிலாந்து அரசரைத் தலைவராக் கொண்ட இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்தவங்கதான் ஆங்கிலிக்கன். இவங்க சார்பா தென்னிந்தியாவுல வேலை செஞ்ச ரெண்டு பெரிய சங்கங்கள் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து தென்னிந்திய திருச்சபை, அதாவது நாம சொல்ற சி.எஸ்.ஐ. ஆனது.

விருதுநகர் மாவட்டத்துக்காரங்களுக்கு இது அந்நியமில்லை. சிவகாசி பக்கத்துல சாட்சியாபுரம் சி.எம்.எஸ். காலத்து ஊர்தான். கேம்பிரிட்ஜ்ல கணக்குப் படிச்ச ராக்லாண்ட் 1854 முதல் இந்த வறண்ட வடதிருநெல்வேலிப் பகுதியில கூடாரம் போட்டு ஊர் ஊரா அலைஞ்சவர். 1858ல சிவகாசியில இறந்துபோனார்.

4/
இப்போ போப்.

பிறந்தது 1820ல, கனடாவில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவுல. இந்தியா வந்தது 1839ல, 19 வயசுப் பையனா. சென்னையில மகாவித்வான் ராமானுசக் கவிராயர்கிட்ட தமிழ் படிச்சார்.

1842ல சாயர்புரம் போறார். எங்க ஊர்ல இருந்து எட்டயபுரம் வழியா தூத்துக்குடி ரோட்டைப் பிடிச்சுப் போனா, தூத்துக்குடி பக்கத்துல இருக்கிற ஊர். சாமுவேல் சாயர்ங்கிற வியாபாரி கிறிஸ்தவங்களுக்காக நிலம் வாங்கிக் கொடுத்ததால வந்த பேரு. செம்மண் தேரி, பனங்காடு. அங்கே 22 வயசு போப் ஒரு செமினரி நடத்தினார். பையன்கள் அங்கேயே தங்கிப் படிக்கணும்.

பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு தமிழோட லத்தீன், கிரேக்கம் வரைக்கும் சொல்லிக் கொடுத்தார். வருஷம் 1840கள்னு மனசுல வச்சுக்கோங்க. சென்னைப் பல்கலைக்கழகமே 1857லதான் வருது.

5/
ஏன் ஹாஸ்டல்? பகல்ல வந்து படிச்சுட்டுப் போகலாமே?

பனங்காட்டுல பதநீர் சீசன் வந்தா வீட்டுல உள்ள அத்தனை கையும் வேலைக்கு வேணும். கருப்பட்டி காய்ச்ச விறகு பொறுக்கணும், தம்பி தங்கச்சியைத் தூக்கணும். வீட்டுல இருந்தா பையன் பள்ளிக்கூடம் போக மாட்டான். சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்தா மட்டும்தான் படிப்பு தொடரும்.

இன்னைக்கும் எங்க பக்கம் இதே கணக்குதான். கருவேலம் வெட்டப்போற குடும்பத்துப் பிள்ளை வருஷம் முழுக்க ஸ்கூலுக்கு வரணும்னா அதுக்கு ஒரு ஹாஸ்டல் வேணும்.

ஆனா சோறு போடுறதுன்னு ஆரம்பிச்ச உடனே அடுத்த கேள்வி வந்துடும். யார் சமைக்கிறது? யார் பக்கத்துல யார் உட்கார்றது?

6/
மதம் மாறினா சாதி போயிடும்னு நினைச்சவங்களுக்கு அன்னைக்கே ஏமாற்றம்தான்.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833லேயே சபைக்குள்ள சாதி வேறுபாடு கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதை ஏத்துக்காம சபையை விட்டுப் போனவங்க உண்டு. போப்பே 1850கள்ல தஞ்சாவூர்ல வேலை செஞ்சப்போ இதே சாதிப் பிரச்சினையில பெரிய சண்டையில மாட்டினார். எதிர்ப்பக்கம் இருந்தவங்கள்ல முக்கியமானவர் நாம எல்லாரும் மதிக்கிற வேதநாயக சாஸ்திரியார்.

திருநெல்வேலிச் சீமையில மெய்ஞ்ஞானபுரம் போர்டிங் பள்ளியில படிச்ச ஒரு பையன், சாதிப் பிரிவினைக்கு எதிரா மாணவர்களே சேர்ந்து ஒரு சங்கம் வைக்கிறதுல முன்னால நின்னான். 1874ல வெள்ளாளன்விளையில பிறந்த அந்தப் பையன்தான் வி.எஸ்.அசரியா. 1912ல இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார்.

சின்னப் பையன்கள் அப்படி ஒரு சங்கம் வைக்கவேண்டிய நிலை இருந்ததுன்னா, ஹாஸ்டலுக்குள்ள என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

7/
இங்கே கதையை நிறுத்திட்டு இங்கிலாந்து போகணும். ஏன்னா பிஷப் காட்டன் பள்ளியோட ஹவுஸ், ப்ரிஃபெக்ட், சேப்பல் எல்லாத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கு.

ரக்பின்னு ஒரு பள்ளி. ரக்பி விளையாட்டுக்குப் பேர் வந்ததே அங்கிருந்துதான். 1828ல தாமஸ் ஆர்னால்டு அங்கே ஹெட்மாஸ்டரா வந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்து போர்டிங் பள்ளிகள்ல அடிதடி, குடி, பெரியவன் சின்னவனைப் போட்டு மிதிக்கிறது எல்லாம் சர்வசாதாரணம்.

ஆர்னால்டு செஞ்சது இதுதான். மேல் வகுப்புப் பையன்கள்கிட்ட அதிகாரத்தைக் கொடுத்து, அதோட பொறுப்பையும் கொடுத்தார். "சின்னப் பையன்களை நீங்கதான் பார்த்துக்கணும், தப்பு நடந்தா உங்களைத்தான் கேட்பேன்"ங்கிற ஏற்பாடு.

1842ல 47ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் நெஞ்சுவலி வந்து இறந்துட்டார். அவர் மகன் கவிஞர் மேத்யூ ஆர்னால்டும் 1888ல இதயநோய்லதான் போனார். குடும்பத்துல இளவயசுல ஹார்ட் அட்டாக் இருந்தா 30 வயசுலேயே பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் பார்த்துக்கோங்கன்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

8/
ஆர்னால்டுகிட்ட இளம் ஆசிரியரா வேலை பார்த்தவர்தான் ஜார்ஜ் எட்வர்ட் லிஞ்ச் காட்டன். 1857ல வெளியான 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல்டேஸ்' நாவல்ல வர்ற இளம் மாஸ்டர் பாத்திரத்துக்கு அவர்தான் மூலம்.

1852ல காட்டன் மார்ல்பரோ பள்ளிக்கு ஹெட்மாஸ்டரா போறார். போறப்போ அந்தப் பள்ளி கிட்டத்தட்ட மூடுற நிலை. ஏன்னா அதுக்கு முந்தின வருஷம் மாணவர்கள் பெரிய கலகமே பண்ணியிருந்தாங்க. கலகம் தொடங்கினது எதுல தெரியுமா? பட்டாசுல! சிவகாசிக்காரங்க பெருமைப்படறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

காட்டன் பிரம்பை மட்டும் நம்பலை. ப்ரிஃபெக்ட் முறையைக் கொண்டுவந்தார். ஊர் சுத்திக்கிட்டு வம்பு பண்ணிட்டிருந்த பையன்களை ஒழுங்கான விளையாட்டு பக்கம் திருப்பினார். பள்ளி பிழைச்சது. பல இங்கிலீஷ் பள்ளிகள்ல விளையாட்டு நேரம் டைம்டேபிள்ல ஏறினதுக்கு மார்ல்பரோ ஒரு முக்கியமான தொடக்கம்.

9/
1857ல இந்தியாவுல பெரும் கிளர்ச்சி. 1858ல காட்டன் கல்கத்தா பிஷப்பா நியமிக்கப்படறார்.

இங்கே வந்து பார்த்தவருக்கு ஒரு விஷயம் கண்ணுல பட்டது. பெரிய அதிகாரிகள் பிள்ளைகளைக் கப்பலேத்தி இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிடறாங்க. ஆனா ரயில்வே, தந்தி, கீழ்மட்ட அலுவலக வேலையில இருக்கிற ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் பிள்ளைகளுக்கு? அவங்களுக்கு உருப்படியான பள்ளியே இல்லை.

1860ல கவர்னர் ஜெனரல் கானிங்கும் இதே கவலையை எழுதிவச்சார். இந்தப் பிள்ளைகளைக் கவனிக்காம விட்டா நாளைக்கு அரசாங்கத்துக்கே தலைவலின்னு. கருணையோட அரசியலும் கலந்த திட்டம் இது. நல்லா கவனிங்க, இது பணக்காரங்களுக்குன்னு யோசிச்ச பள்ளி இல்லை. அதே சமயம் இந்தியப் பிள்ளைகளுக்குன்னும் யோசிக்கலை.

10/
ஏன் மலை, ஏன் பெங்களூர்? இது என் ஏரியா.

சமவெளியில காலரா, மலேரியா, வயித்துக்கடுப்பு. கொசுதான் மலேரியாவைப் பரப்புதுன்னு ரொனால்டு ராஸ் கண்டுபிடிக்கவே 1897 ஆயிடுச்சு. அதுவரைக்கும் கெட்ட காற்றுதான் காரணம்னு நம்பினாங்க. அதனால குளிர்ச்சியான உயரமான இடம் தேடிப் போனாங்க. காரணம் தப்பு, ஆனா பலன் ஓரளவு சரி. குளிர்ல கொசுவுக்குள்ள மலேரியா கிருமி வளர்றது மந்தம்.

ராணுவ வீரர்கள் பிள்ளைகளுக்கான லாரன்ஸ் பள்ளி 1847ல சனாவர்ல, 1858ல நம்ம ஊட்டி லவ்டேல்ல வந்ததும் இதே கணக்குலதான். பெங்களூர் 3000 அடி உயரம். பெரிய கன்டோன்மென்ட் வேற. பள்ளிக்குத் தோதான ஊர்.

11/
1859 ஜூலை 28. கிளர்ச்சி அடங்கினதுக்காக நன்றி ஆராதனை நாள். அன்னைக்கு எடுத்த காணிக்கையில தொடங்கினதுதான் சிம்லாவில் உள்ள பிஷப் காட்டன் பள்ளி.

அதே வழியில 1865ல பெங்களூர். தொடங்கினவர் சாமுவேல் தாமஸ் பெட்டிகுரு, படையினருக்கான சேப்ளின். ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில ஒரு பங்களாவுல ஆரம்பம். காட்டனோட பேரையே வச்சாங்க.

அடுத்த வருஷம், 1866 அக்டோபர் 6. இப்போ வங்கதேசத்துல இருக்கிற குஷ்டியாவில் ஒரு கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிச்சுட்டு வந்த காட்டன், சாயங்காலம் ஸ்டீமர்ல ஏறும்போது பலகையில கால் தவறி ஆத்துல விழுந்தார். உடல்கூட கிடைக்கலை.

தன் பேர்ல உள்ள பள்ளிகள் எப்படி வளர்ந்ததுன்னு பார்க்க அவருக்கு வாய்க்கலை.

12/
பெங்களூர் பள்ளி தள்ளாடித்தான் நடந்தது. 1871ல ஒரு புது ஹெட்மாஸ்டர் வந்தார்.

ஆமா. நம்ம போப்.

சாயர்புரம், தஞ்சாவூர் முடிச்சு, ஊட்டியில பத்து வருஷத்துக்கு மேல ஒரு பள்ளியை நடத்திட்டு, 51 வயசுல பெங்களூர் வர்றார். அவர் காலத்துலதான் பள்ளி இப்போ இருக்கிற செயின்ட் மார்க்ஸ் ரோடு இடத்துக்கு வந்து காலூன்றுது.

ரொம்பக் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பே அவருக்குப் பல இடத்துல எதிரிகளைச் சம்பாதிச்சுக் கொடுத்தது. இனியவை கூறல் அதிகாரத்தை மொழிபெயர்த்தவர் வகுப்பறையில அவ்வளவு இனிமையா இருந்ததா தெரியலை. பெரிய மனுஷங்களை முழுசாப் பார்க்கிறதுல தப்பில்லை.

13/
இப்போ அந்தப் பள்ளியோட மரபுகள். ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

முதல்ல ஹவுஸ். இங்கிலாந்துல இது நிஜமாவே வீடுதான். ஒரு மாஸ்டர் வீட்டுல இத்தனை பையன்கள் தங்குவாங்க, அந்த வீடுதான் அவனோட குடும்பம். இந்தியா வந்தப்போ அது அணியா மாறிச்சு. பிஷப் காட்டன்ல இன்னைக்கும் போப் பேர்ல ஒரு ஹவுஸ் இருக்கு, பெட்டிகுரு பேர்ல ஒரு ஹவுஸ் இருக்கு. 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பள்ளியை நடத்தின பாக்கன்ஹாம் வால்ஷ் பேர்லயும் உண்டு.

உங்க பிள்ளை படிக்கிற மெட்ரிக் ஸ்கூல்ல ரெட் ஹவுஸ், புளூ ஹவுஸ்னு சட்டை வாங்கச் சொல்றாங்களே, அதுக்கும் வேர் இதேதான். வீடு போயிடுச்சு, கலர் மட்டும் நிக்குது.

14/
ரெண்டாவது சேப்பல். பள்ளிக்குள்ளேயே ஒரு ஆலயம், நாள் தொடங்குறது அங்கேதான். நம்ம அரசுப் பள்ளியில காலை பிரேயர்னு சொல்றோமே, தமிழ்த்தாய் வாழ்த்து பாடி, குறள் சொல்லி, செய்தி வாசிக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு 'பிரேயர்'ங்கிற பேர் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கிறதை யோசிச்சுப் பாருங்க.

மூணாவது குறிக்கோள் வாசகம். லத்தீன்ல இருக்கு. வலப்பக்கமும் சாயாதே, இடப்பக்கமும் சாயாதேன்னு அர்த்தம். பைபிள்ல மோசேக்குப் பிறகு தலைமை ஏற்கிற யோசுவாவுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை. "நேரா போ, நேரா போய்க்கிட்டே இரு"ங்கிறதுதான் அந்தப் பள்ளிப் பையன்களோட முழக்கமும். காட்டோனியன்னு தங்களைச் சொல்லிக்கிற பழைய மாணவர்கள் 70 வயசுலயும் இதைச் சொல்லிக்கிட்டுத்தான் கை குலுக்குவாங்க.

15/
நாலாவது, ப்ரிஃபெக்ட். நல்லதும் கெட்டதும் சேர்ந்த மரபு இதுதான்.

ஆர்னால்டு நினைச்சது: பெரியவன் சின்னவனைக் காப்பாத்தணும். நடந்தது: பல பள்ளிகள்ல சின்னவன் பெரியவனுக்கு ஷூ துடைக்கணும், டீ போடணும், அடி வாங்கணும். அதே 'டாம் பிரவுன்' நாவல்ல சின்னப் பையனை நெருப்புக்கு முன்னால பிடிச்சு வாட்டுற ஃபிளாஷ்மேன்னு ஒருத்தன் வருவான். ரக்பி ஹாஸ்டலுக்குள்ளதான் அதுவும் நடக்குது.

எங்க மருத்துவக் கல்வி உலகத்துல ராகிங்னு சொன்னது இதோட தூரத்துச் சொந்தம். 1996ல மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதுக்கு அப்புறம்தான் 1997ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஒரு உயிர் போய்த்தான் அந்தச் சட்டம் வந்துச்சு.

அதிகாரத்தைக் கொடுக்கிறது ரொம்ப சுலபம். ராத்திரி பத்து மணிக்கு டார்மிட்டரியில என்ன நடக்குதுன்னு நேர்ல போய்ப் பார்க்க ஒரு பெரியவர் இருக்காரா? அங்கேதான் ஹாஸ்டல் நல்லா இருக்கிறதும் கெட்டுப்போறதும்.

16/
அஞ்சாவது, நோய்க்கான அறை. பழைய போர்டிங் பள்ளிகள்ல எனக்குப் பிடிச்ச மரபு இது. காய்ச்சல் வந்த பையனைத் தனியா வைக்க ஒரு அறை, பார்த்துக்க ஒரு மேட்ரன்.

பெரும்பாலான தடுப்பூசிகளும் ஆன்டிபயாட்டிக்கும் இல்லாத காலம். அம்மை, தொண்டை அடைப்பான், தட்டம்மை எது உள்ள வந்தாலும் டார்மிட்டரி முழுக்கப் பரவும். தனிமைப்படுத்துறது ஒண்ணுதான் அவங்ககிட்ட இருந்த ஆயுதம். 2020ல நாம எல்லாரும் மறுபடி கத்துக்கிட்ட பாடம்.

இன்னைக்கு நம்ம பக்கத்து எத்தனை ஹாஸ்டல்ல சிக் ரூம் இருக்கு? வார்டன்கள் யாராவது படிச்சா மனசுல வச்சுக்கோங்க. பெரிய செலவில்லை. ஒரு சின்ன அறை, ரெண்டு கட்டில், ஒரு தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போதும்.

17/
பழைய மாணவர்கள் யார் யார்?

வில்லியம் லீஃப் ராபின்சன். 1895ல குடகுல ஒரு எஸ்டேட்ல பிறந்தவர், பிஷப் காட்டன்ல படிச்சவர். முதல் உலகப்போர்ல 1916 செப்டம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, லண்டன் பக்கம் குண்டுபோட வந்த ஜெர்மன் வான்கப்பலை விமானத்துல போய்ச் சுட்டு வீழ்த்தினார். பிரிட்டிஷ் மண்ணுக்கு மேல அப்படி விழுந்த முதல் வான்கப்பல் அது. விக்டோரியா கிராஸ் கிடைச்சது.

அடுத்து ஜெர்மானியர்கிட்ட கைதியாகி, போர் முடிஞ்சு உயிரோட வீடு திரும்பினார். 1918 டிசம்பர் 31, ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சல்ல இறந்தார். வயசு 23. குண்டுக்குத் தப்பினவர் வைரஸுக்குத் தப்பலை.

ஃப்ளூ ஊசி போட்டுக்கோங்கன்னு வயசானவங்க, சுகர்காரங்க, கர்ப்பிணிகள்கிட்ட நான் வருஷா வருஷம் சொல்றதை ஞாபகப்படுத்திக்கிறேன்.

18/
அப்புறம் குடகைச் சேர்ந்த திம்மய்யா. 1906ல பிறந்தவர். கொரியப் போருக்குப் பிறகு கைதிகளைத் திருப்பி அனுப்புற நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைவர். 1957 முதல் 1961 வரை நம்ம ராணுவத் தளபதி. 1965ல சைப்ரஸ்ல ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை தாங்கும்போதே மாரடைப்புல இறந்தார்.

அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா. 1925ல பிறந்தவர். பிஷப் காட்டன் முடிச்சு தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில படிச்சார். 1974 பொக்ரான் சோதனையில முக்கியப் பங்கு அவருக்கு உண்டு.

ரெண்டு பேரும் இந்தியர்கள்தானேன்னு கேட்பீங்க. ஆமா. வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்குன்னு தொடங்கின பள்ளியில கொஞ்சம் கொஞ்சமா வசதியுள்ள இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. 1947க்கு அப்புறம்தான் முழுசா இந்தியப் பள்ளி. இப்போ சி.எஸ்.ஐ. நிர்வாகம். ஏழை ரயில்வேக்காரர் பிள்ளைக்காக யோசிச்ச பள்ளி, இன்னைக்கு பெங்களூர்ல வசதியானவங்க சீட்டுக்குத் தவம் கிடக்கிற பள்ளி.

19/
இங்கேதான் என் மனசு சாயர்புரத்துக்குத் திரும்புது.

ஒரே மனுஷர் ரெண்டு ஹாஸ்டலை நடத்தியிருக்கார். ஒண்ணு பனங்காட்டுப் பையன்களுக்கு. இன்னொண்ணு வெள்ளைக்காரப் பையன்களுக்கு. சாயர்புரத்துப் பையன் லத்தீனே படிச்சிருந்தாலும் 1871ல பெங்களூர்ப் பள்ளிச் சாப்பாட்டு மேஜையில அவனுக்கு இடம் இருந்திருக்காது. பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்னு குறள் சொல்லுது. அதை உலகத்துக்குச் சொன்னவர் நடத்தின பள்ளியிலேயே நிலைமை இதுதான். அவரோட தனிப்பட்ட குத்தம்னு சொல்ல வரலை. அந்தக் காலத்து ஏற்பாடு அப்படி.

போப் அப்புறம் இங்கிலாந்து திரும்பி 1884 முதல் ஆக்ஸ்போர்டுல தமிழும் தெலுங்கும் கற்பிச்சார். குறள் 1886, நாலடியார் 1893, திருவாசகம் 1900. திருவாசக முன்னுரையை 80ஆவது பிறந்தநாள்ல முடிச்சார். 1908ல இறந்தார்.

"கல்லறையில 'தமிழ் மாணவன்'னு எழுதச் சொன்னார்"ங்கிற வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணாதீங்க. ஆக்ஸ்போர்டு கல்லறையில உள்ள கல்வெட்டுல அப்படி இல்லை. தமிழும் தெலுங்கும் கற்பிச்சவர், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வச்ச கல்னு இருக்கு. அந்த உண்மையே போதுமான அழகு. அதுலயும் ஹெட்மாஸ்டர்ங்கிறது விட்டுப்போச்சு!

20/
"அப்போ வெள்ளைக்காரன்தான் பாகுபாடு பார்த்தான்"னு இதை முடிச்சுடலாமா? முடியாது.

1922ல வ.வே.சு.ஐயர் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். சேரன்மாதேவி. தேசபக்தி, தொழிற்கல்வி, தங்கிப் படிக்கிற பள்ளி. காங்கிரஸும் நன்கொடை கொடுத்தது. ஆனா அங்கே ரெண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடப்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேள்வி கேட்டாங்க. 1925 வாக்கில தமிழ்நாட்டு அரசியலையே அது புரட்டிப் போட்டது.

அந்தக் குருகுலத்தோட பாடத்திட்டம் இன்னைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. அந்தத் தனிப்பந்தி மட்டும் நூறு வருஷமாகியும் மறக்கலை.

21/
எங்க மாவட்டம் இதுக்குப் பதில் சொன்ன மாவட்டம்னு தைரியமா சொல்லலாம்.

விருதுநகர்ல பிறந்து, ஆறாம் வகுப்போட பள்ளியை விட்ட காமராஜர் 1956ல மதிய உணவைத் திட்டமா கொண்டுவந்தார். பசிச்ச பிள்ளைக்குச் சோறுங்கிறது ஒரு பக்கம். ஒரே பாத்திரத்துச் சோத்தை எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில உட்கார்ந்து சாப்பிடுறதுங்கிறது இன்னொரு பக்கம். 1982ல சத்துணவு, 2022ல காலை உணவு. ஹாஸ்டல் இல்லாத பிள்ளைக்கும் அந்தப் பந்தி வந்து சேர்ந்தது.

ஆனா வேலை முடிஞ்சுதா? 2023ல நாங்குநேரியில பள்ளி மாணவன் ஒருத்தனை அவன்கூடப் படிச்சவங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. காரணம் சாதி. அதுக்கு அப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024ல அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுற கலர் கயிறு கூடாதுன்னு அதுல ஒரு பரிந்துரை.

ஹவுஸ் கலர்ல இருந்து கயிறு கலர் வரைக்கும் வந்துட்டோம்.

22/
இவ்வளவு வரலாறு படிச்சுட்டு என்ன எடுத்துக்கலாம்? ஒரு டாக்டரா எனக்குத் தோணுறது நாலு விஷயம்.

ஒண்ணு: ஹாஸ்டல்ல ஒருத்தனுக்குச் சிரங்கு வந்தா, அரிப்பு இருக்கிறவன் இல்லாதவன் எல்லாருக்கும் ஒரே ராத்திரியில மருந்து தடவணும். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க. துணி, பெட்ஷீட்டை வெந்நீர்ல அலசி வெயில்ல போடணும். ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை. அவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பினா சிரங்கு போகாது, அவன் மானம்தான் போகும்.

ரெண்டு: புதுசா சேர்ந்த பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயித்துவலி வருதா? நடிப்புன்னு திட்டாதீங்க. வீட்டு ஏக்கம் வயித்துல வலியா வரும். டாக்டர்கிட்ட காட்டுங்க, உட்கார வச்சுப் பேசுங்க. யாராவது மிரட்டுறாங்களான்னும் கேளுங்க.

23/
மூணு: பெரிய வகுப்புப் பையனுக்குச் சின்னவனைப் பார்த்துக்கிற பொறுப்பைக் கொடுங்க, தண்டிக்கிற அதிகாரத்தைக் கொடுக்காதீங்க. 19ஆம் நூற்றாண்டுல இருந்து நமக்குக் கிடைச்ச அனுபவம் இது.

நாலு: மெஸ்ல யார் எங்கே உட்கார்றாங்கன்னு வார்டன் கண்ணு வைக்கணும். ஊர்க்காரன் ஊர்க்காரனோட, தெருக்காரன் தெருக்காரனோட உட்கார ஆரம்பிச்சா, வாரத்துக்கு ஒருதரம் இடத்தை மாத்துங்க. அறை ஒதுக்கும்போதும் அப்படித்தான்.

2025ல தமிழ்நாடு அரசு நலத்துறை ஹாஸ்டல்களுக்கு சமூகநீதி விடுதிகள்னு பேர் மாத்தியிருக்கு. பேருக்குத் தகுந்த மாதிரி கக்கூஸ்ல தண்ணி, கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி, ஜன்னல்ல கொசுவலை, கூடவே எல்லாச் சாதிப் பிள்ளையும் கலந்து தங்குற அறைகளும் வரணும். நானும் நீங்களும் சேர்ந்து கேட்கவேண்டியது இது.

24/
பிஷப் காட்டனோட கட்டடம், பிளேஸர், லத்தீன் வாசகம் இதெல்லாம் கரிசக்காட்டுக்கு வரணும்னு நான் கேட்கலை. அந்தப் பள்ளி தன் பிள்ளைகளுக்கு 1865ல இருந்து உறுதி பண்ணின விஷயங்களைத்தான் கேட்கிறேன். மூணு வேளை சோறு, தனிக்கட்டில், விளையாட ஒரு மைதானம், காய்ச்சல் வந்தா பார்த்துக்க ஒரு ஆள், பேர் சொல்லிக் கூப்பிடுற ஒரு வாத்தியார். திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைக்கும் இதேதான் தேவை.

ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவங்க கமெண்ட்ல எழுதுங்க. எந்த ஊர், எந்த வருஷம், முதல் நாள் மெஸ்ல உங்க பக்கத்துல உட்கார்ந்தது யாரு, அவர் இப்போ எங்கே இருக்கார். பள்ளிப் பேரோ ஆள் பேரோ சொல்லி யாரையும் திட்டவேண்டாம்.

நாளைக்கு ஓ.பி. இருக்கு. ராத்திரி பதில் போடுறேன்.